வட ஆற்காட்டுக்கு ஆள் பிடித்தவர்

எனக்கு எழுத வராது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். வாக்கியம் கோணலாகப் போனால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. முந்தாநாள் கொமுட்டர் ரயிலில் குடையை வைத்துவிட்டுக் கிள்ளானில் இறங்கினேன். அதனால் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதில் தப்பு இருக்கலாம். ஆனால் ஆளைப் பற்றித் தப்பு இருக்காது. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இங்கே மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் பீரோவைத் திறந்து தங்கள் கல்யாணக் கார்டை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸில், பூமாலைக் கடைக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே, கார்டு அச்சடிக்கும் கடை ஒன்று இருந்தது. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கருமாதி எல்லாவற்றுக்கும் அங்கே கார்டு போடுவார்கள். முதலாளி எப்போதாவது வருவார். கடையைப் பார்த்துக்கொண்டது நான் சொல்ல வந்த இவர்தான். முன்மேசையில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பார், கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பார், பிழை பார்ப்பார். எனக்குப் பின்மேசை. கார்டை மடித்து உறையில் போட்டு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது என் வேலை. கருமாதிக் கார்டுக்கு மஞ்சள் இல்லை, அது சீக்கிரம் முடிந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை.

ஆர்டர் எடுக்க ஒரு தாள் உண்டு. மணமகன் பெயர், மணமகள் பெயர், பெற்றோர், மண்டபம், நேரம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எல்லாக் கடையிலும் அப்படித்தான். எங்கள் தாளில் மட்டும் ஒரு கட்டம் அதிகம். அதன் மேலே 'பூர்வீகம்' என்று எழுதியிருக்கும். முதலாளிக்கு அது எதற்கு என்றே தெரியாது. இவராகச் சேர்த்தது. மற்றக் கட்டங்களைவிட அது அகலம்.

ஜனங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இவர் விடமாட்டார். பேனாவின் பின்பக்கத்தால் அந்தக் கட்டத்தைத் தட்டுவார்.

"இது காலியா இருக்கு."

"தெரியாது அங்கிள். தாத்தாவோட தாத்தா காலத்துல வந்தது."

"தெரியாதுன்னு எழுத முடியாது லா. கட்டம் பெரிசா இருக்கு."

பிறகு விசாரணை தொடங்கும். வீட்டில் கும்பிடுகிற சாமி எது? தாத்தா வீடு என்பாரா வூடு என்பாரா? பாட்டி களி கிண்டுவாளா? கல்யாணத்தில் தாலி கட்டும்போது யார் பின்னால் நிற்பார்கள்? கல்யாணத்துக்கு நாள் நெருங்கி அவசரமாக வந்தவர்கள்கூட உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்வார்கள். இதையெல்லாம் யாரும் அவர்களிடம் அதுவரை கேட்டதில்லை. எல்லாம் கேட்ட பிறகு இவர் கண்ணை மூடுவார். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் செய்வதுபோல. அப்புறம் எழுதுவார். செய்யாறு தாலுக்கா. அல்லது வந்தவாசி தாலுக்கா. அல்லது ஆரணி. எந்தத் தாலுக்காவாக இருந்தாலும் அதற்கு மேலே வட ஆற்காடு ஜில்லா.

தஞ்சாவூர் ஜில்லா என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை. மதுரை என்றும் எழுதியதில்லை. ஜனங்களே நிச்சயமாகச் சொன்னால் ஒத்துக்கொள்வார், ஆனால் முகத்தில் சந்தோஷம் இருக்காது. தெரியாது என்று வந்தவர்கள் எல்லாரும் வட ஆற்காட்டுக்காரர்களாகத் திரும்பிப் போனார்கள். அந்தக் காலத்தில் கங்காணிகள் அங்கே போய்ப் ரப்பர் பால்மரக் காட்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். இவர் இங்கே உட்கார்ந்தபடி அங்கே ஆள் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஜில்லாவை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கும். பாலாறு மைசூர்ச் சீமையில் பிறந்து வாணியம்பாடி வழியாக உள்ளே வருகிறது. ஆம்பூரைத் தொட்டு, வேலூர்க் கோட்டையை ஒட்டி, ஆற்காட்டைத் தாண்டி, கடலைப் பார்த்துப் போகிறது. ஆற்காட்டில் நவாப்பு இருந்தார். வந்தவாசியில் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் போன பிறகு அந்த ஊர்க்காரர்கள் திரும்பவும் கோரைப்பாய் முடைய உட்கார்ந்தார்கள். ஜவ்வாது மலையில் தேன், சாமை. ஆரணியில் பட்டு. போளூர்ப் பக்கம் நெல். ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார், "அங்கிள், நீங்க அடிக்கடி போவீங்களா?"

அவர் கடல் தாண்டியது பினாங்குப் பெர்ரிப் படகில் மட்டும்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் பொய் சொன்னதில்லை. "போகணும்னு அவசியம் இல்ல," என்பார். அதுவும் உண்மைதான்.

மேசை இழுப்பறையில் ஒரு புத்தகம் வைத்திருந்தார். சின்னப் பிள்ளைகள் படிக்கிற பூகோளப் புத்தகம், அந்த ஒரு ஜில்லாவுக்கு மட்டும் போட்டது. அட்டை கிடையாது. பழுப்புத் தாள் சுற்றி, சாமி புத்தகம் போலக் கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுப்பார். உள்ளே மடித்து வைத்த படம் ஒன்று, மடிப்புகளில் பசைத்தாள் ஒட்டியது. கடைசிப் பக்கங்களை எலி தின்றிருந்தது. திருப்பத்தூர் தாலுக்காவுக்கு அவர் ஏன் ஒரு குடும்பத்தைக்கூட அனுப்பவில்லை என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

ஒரு தடவை யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகளுக்குக் கார்டு போட வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. கட்டத்தில் அவரே அழகாக யாழ்ப்பாணம் என்று எழுதிவிட்டார். இவருக்கு மனசு கேட்கவில்லை.

"அதுக்கு முன்னால எங்கம்மா?"

"அதுக்கு முன்னாலயும் யாழ்ப்பாணம்தான். நாலு தலைமுறைக்கு எழுதி வைச்சிருக்கிறம்."

"ஊர்ல என்ன ஆறு ஓடுது?"

"ஆறு இல்லை. கிணறுதான்."

அந்த அம்மா போன பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம், எவ்வளவு படிச்சவங்க," என்றார். அன்றைக்கு முழுவதும் ஆறு இல்லாத ஜனங்களை நினைத்து வருத்தப்பட்டார்.

அவருக்கே வருத்தம் வந்த நாளும் உண்டு. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லுக்கு ஒருவர் கடல் தாண்டி வேலை பெர்மிட்டில் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும், ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். கடைக்கு விலைப்பட்டியல் அடிக்க வந்தார். விலைப்பட்டியலுக்குப் பூர்வீகம் தேவையில்லை. இருந்தாலும் இவர் கேட்டார்.

"ராணிப்பேட்டை மாவட்டம் சார்."

"அப்படி ஒரு ஜில்லா கிடையாது. ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை தாலுக்காவுல இருக்கு."

"பிரிச்சிட்டாங்க சார். வேலூர் தனி, ராணிப்பேட்டை தனி, திருப்பத்தூர் தனி. திருவண்ணாமலை எப்பவோ தனி. வட ஆற்காடுன்னே இப்ப ஒண்ணு இல்ல."

"யாரைக் கேட்டுப் பிரிச்சாங்க?"

தோசைக்காரர் சிரித்தார். "என்னைக் கேக்கல சார்."

மூன்று நாள் இவர் பக்கத்துக் கடையில் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தோசை வாங்கப் போய், பாலாற்றில் இப்போது தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்தார். தண்ணீர் எங்கே சார், மணல்தான் கிடந்தது, அதையும் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் அவர். இவர் தோசையை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, புத்தகத்தில் மழைக்காலத்தில் கரை புரளும் என்று போட்டிருப்பதாக என்னிடம் சொன்னார். அங்கே உள்ளவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவர் முடிவு. கார்டுகளில் வட ஆற்காடு ஜில்லா தொடர்ந்து இருந்தது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு ஊர் கிடையாது. அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா பால்மரம் வெட்டினவர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது காய்ச்சலில் போனார். அவர் பேசுகிற ஆள் இல்லை. அதில் நான் அவரைத்தான் கொண்டிருக்கிறேன். கள் குடித்த நாளில் மட்டும் ஒரே வார்த்தையைச் சொல்வார். ஆத்தைத் தாண்டினா மலை, மலைக்கு இந்தாண்ட நம்ம அம்மன். எந்த ஆறு, எந்த மலை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தோட்டத்துக்குப் பின்னாலும் ஓர் ஆறு இருந்தது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். காலமான என் வீட்டுக்காரரும் அநாதை விடுதியில் வளர்ந்தவர், அதனால் என் அப்பா வழிதான் எங்கள் வீட்டு வழி.

என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இது பெரிய குறையாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுக்கா என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வருவார்கள். நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும்போது சம்பந்தியம்மா என்னைக் கேட்டார், உங்களுக்கு எந்த ஊர் என்று. தோட்டம் என்றேன். தோட்டத்துக்கு முன்னால் என்றார். நான் வெற்றிலையைப் பார்த்தேன்.

"ஏன்க்கா, பால்மரத்துலேர்ந்தா விழுந்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனசோடு சொன்ன கேலிதான். என் மகனும் சிரித்தான். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு வீடுவரை கூடவே வந்தது.

கார்டுக்கு ஆர்டர் தாளை நானே எழுதினேன். மற்றக் கட்டங்களை நிரப்பிவிட்டு அந்த அகலக் கட்டத்தை விட்டுவிட்டு, தாளை மற்ற ஆர்டர்களுக்கு அடியில் சொருகி வைத்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். பேனாவால் தட்டவில்லை. தாளை என் மேசைக்கு எடுத்துக்கொண்டு வந்து, எதிரே உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்தது அப்பாவின் அந்த ஒரு வார்த்தைதான் என்று சொன்னேன். அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை. படத்தை விரித்து, ஒரு கண்ணை மூடி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை தேடினார். பிறகு எழுதி, வாய்விட்டு வாசித்தும் காட்டினார். வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுக்கா. அதன் பிறகு ஓர் ஊர்ப் பெயர்.

"இனிமே யாராவது கேட்டா வாயைத் தொறந்து சொல்லுங்கம்மா," என்றார்.

சொன்னேன். கல்யாண மண்டபத்தில் சம்பந்தியம்மாவின் உறவுக்காரர்கள் கேட்டபோது ஜில்லாவிலிருந்து தொடங்கி முழுதாகச் சொன்னேன். சம்பந்தியம்மா கார்டை வாசித்துப் பார்த்து, ஆரணிப் பட்டு நெய்கிற பக்கம்தானே என்று கேட்டு, முன்வரிசையில் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். என் மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஓடுகிற அவன் லோரியின் கண்ணாடியில் அந்த ஊர்ப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் ஒட்டினான். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

பேரன் பிறந்தான். வந்தது வினை. முதல் முடியை அப்பன் வழிக் குலதெய்வத்துக்குத்தான் இறக்க வேண்டும் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். உங்க ஊர் இருக்கே என்றார். மகன் ஏழு பேருக்கு டிக்கெட் எடுத்தான். நான் மறுநாள் கடைக்குப் போய், கூச்சத்தோடு, ஆனால் சந்தோஷமாகத்தான், இவரிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் கார்டில் போட்ட ஊருக்கு யாரும் கிளம்பிப் போனதில்லை. அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"எதுக்கு அவ்வளவு தூரம்? பத்துமலையிலயே எறக்கலாமே."

அன்றிலிருந்து தினமும் ஒரு காரணம். இப்போது அங்கே வெயில் குழந்தைக்கு ஆகாது. ரோடு சரியில்லை. மலைப் பக்கம் கரடி உண்டு. செய்யாற்றில் வெள்ளம் வந்தால் திரும்ப முடியாது. இதைச் சொன்னபோது தோசைக்காரர் விலைப்பட்டியல் வாங்க வந்திருந்தார். வெள்ளமா, அந்த ஆற்றில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் சார் என்றார். இவர் குனிந்து பிழை பார்க்க ஆரம்பித்தார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடையில் யாரும் இல்லாத நேரம், அவர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நான் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஆத்தைத் தாண்டினா மலை. அந்த மாதிரி ஊரு நெறைய இருக்கும்மா," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்படியானால் அந்த ஊரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"படத்துல அந்த மலையடிவாரத்துல மடிப்பு விழுந்து எல்லாப் பேரும் அழிஞ்சு போச்சு. அந்த ஒரு பேருதான் படிக்க முடிஞ்சுது."

மஞ்சள் கையைத் துணியில் துடைத்தேன். மற்றவர்களுக்கும் இப்படித்தானா என்றேன். எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நான் அவரிடம் அதுவரை சொந்தக் கேள்வி எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அண்ணே, உங்களுக்காவது அந்த ஜில்லாதானே?"

அவர் அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தபோது, சமையலறை அலமாரிக்குப் பின்னால் அந்தப் புத்தகம் கிடந்ததாம். முன்னால் இருந்தவர்கள் விட்டுப் போனது. அவர் அப்பாவும் என் அப்பாவைப் போலவே ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தவர்.

"புத்தகம் வீட்டுல இருந்துச்சும்மா. நம்மளது இல்லன்னா நம்ம வீட்டுல எதுக்கு இருக்கப் போவுது?" என்றார்.

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அன்று கொமுட்டரில் வீட்டுக்குப் போகும்போது மகனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கூட்டிக்கொண்டே போனேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு, நமக்கு ஊர் இல்லை. இவ்வளவுதான். ஆனால் சொல்லிவிட்டால் நான் திரும்பவும் மரத்திலிருந்து விழுந்தவள். இந்தத் தடவை மகனையும் பேரனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழ வேண்டும். வீட்டில் பெட்டிகள் திறந்து கிடந்தன. சம்பந்தியம்மா அம்மனுக்கு என்று சிவப்புப் பட்டு எடுத்து வைத்திருந்தார். அவர் தங்கை வந்திருந்தார். சம்பந்தியம்மா அவரிடம் என்னைக் காட்டி, "எங்க சம்பந்தி, போளூர்க்காரங்க," என்று அறிமுகப்படுத்தினார். என் வாய் சும்மாவே திறக்காது. அன்றைக்குச் சுத்தமாக மூடிக்கொண்டது.

சென்னையில் இறங்கி வேனில் போனோம். வழியெல்லாம் நான் சாப்பிடவில்லை. வேன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். பாலத்துக்குக் கீழே மணலும், மணலில் படுத்திருந்த மாடுகளும் தெரிந்தன. டிரைவர் அதை ஆறு என்றார். தாண்டினோம். மேற்கே மலை இருந்தது. மலைக்கு இந்தப் பக்கம் ஓர் அம்மன் கோயிலும் இருந்தது. அந்தப் பக்கத்தில் எந்த ஊரில் இறங்கியிருந்தாலும் அது இருந்திருக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்பிள்ளை, என்னைவிடச் சிறியவள், வேனைப் பார்த்து நின்றாள்.

"யாரு வூட்டு ஆளுங்க நீங்க?"

என் மகன் மலாயும் இங்கிலீஷும் கலந்த தமிழில் விளக்கினான். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். தாத்தா பேர் என்ன என்று கேட்டார்கள். மகன் என்னைப் பார்த்தான். நான் அப்பா பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் அந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதும், நாங்கள் இந்த ஊர் ஆட்கள் இல்லை என்று இப்போது சொல்லிவிடப் போகிறார்கள் என்று சம்பந்தியம்மாவைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு கிழவர், தடியை ஊன்றிக்கொண்டு, கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனவன் ஒருத்தன் இருந்தான் என்று தன் அப்பா சொன்னதாகச் சொன்னார். அந்தச் சீமையில் அப்படி ஒருத்தன் போகாத ஊர் இருக்காது. ஆட்டுக்காரி கிட்டே வந்து என் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"செத்துப்போன எங்க பெரியத்தையாட்டமே இருக்குது பாரு."

அவ்வளவுதான். யார் வீட்டில் சாப்பிடுவது என்று இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. ஒரு வீட்டார் நாங்கள் அவர்கள் பங்காளி என்றார்கள், இன்னொரு வீட்டார் மாமன் முறை என்றார்கள். மத்தியானம் ஒரு வீட்டிலும் சாயங்காலம் ஒரு வீட்டிலும் சாப்பிட்டோம். பேரனுக்கு முடி இறக்கும்போது ஆட்டுக்காரி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். சம்பந்தியம்மா திரும்பி வரும் வழியில், நாமக்கல்லில் தங்களைப் பார்த்து இந்த மாதிரி யாரும் அழுததில்லை என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

கடைக்குப் போனபோது இவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மத்தியானம் வரை பிழை பார்த்துக்கொண்டே இருந்தார். நானாகப் போய்ச் சொன்னேன். ஆற்றைத் தாண்டியது, மேற்கே மலை இருந்தது, மோவாயைப் பிடித்துப் பார்த்தது, இரண்டு வீட்டுச் சாப்பாடு. நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். படத்தை விரித்து, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சரி போட்டார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் மேசையில் உட்கார்ந்து என்ன சொன்னார் என்பதை அவர் முகத்தில் தேடினேன். அது அங்கே இல்லை. அவருக்கு என்னைவிட நல்ல மறதி.

அதற்குப் பிறகு அவருடைய விசாரணை சுருங்கிவிட்டது. சாமி, களி எல்லாம் கேட்பதில்லை. ஆத்தங்கரை, மலை, அம்மன் என்று ஏதாவது ஒன்று வாயில் வந்தால் போதும், நேராக எங்கள் ஊரை எழுதிவிடுவார். யாராவது சந்தேகப்பட்டால் பேனாவை என் பக்கம் நீட்டுவார்.

"சும்மா சொல்லல. அந்த அக்கா நேர்ல போயி சொந்தக்காரங்களப் பார்த்துட்டு வந்தவங்க. கேட்டுக்குங்க."

அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உண்மையா அக்கா என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். என் வாழ்நாளில் நான் பொய் பேசினதில்லை என்று தைரியமாகச் சொல்வேன். தலைதான் ஆட்டியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தே நாலைந்து குடும்பங்கள் கிளம்பிப் போய் வந்தன. எல்லாருக்கும் அங்கே பங்காளியோ மாமனோ கிடைத்தார்கள். இப்போது அந்தக் கோயிலுக்கு முன்னால் மலேசியாக்காரர்கள் போட்ட கொட்டகை ஒன்று இருக்கிறதாம். எங்கள் எல்லாருக்கும் அந்தக் கிழவரின் அப்பா சொன்ன அதே ஒரு ஆள்தான் தாத்தா. அவர் ஒருத்தர் கப்பலேறி வந்து கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பிள்ளை பெற்றிருக்கிறார்.

என் மகன் இவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறேன் என்று கடைக்கே வந்து கூப்பிட்டான். இவர் யோசிக்கவே இல்லை. "நான் போயி என்ன பார்க்கிறது தம்பி, எல்லாத்தையும் பிரிச்சு வெச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டார். பிறகு கடை ஸ்ரீ கெம்பாங்கானுக்கு மாறியது. அவ்வளவு தூரம் அவராலும் போக முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. ஈப்போவில் யாரோ தங்கை மகள் வீட்டுக்குப் போனார் என்றார்கள். புதுக் கடையின் ஆர்டர் தாளில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் போன் நம்பர் கேட்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதை ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது. நாங்கள் தாண்டியது செய்யாறா, கமண்டல நாகநதியா என்பதில் எனக்குச் சந்தேகம். போளூர் இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று சரியாகப் போடுங்கள். நவாப்பு முன்னேயா, வந்தவாசிச் சண்டை முன்னேயா என்றும் பாருங்கள். ஒற்றுப் பிழைகளையும் திருத்திவிடுங்கள். ஊர்ப் பெயரை நான் வேண்டுமென்றுதான் எழுதவில்லை. அதை மட்டும் யாரும் போய் விசாரிக்க வேண்டாம். என் மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது, சம்பந்தியம்மாவுக்கு இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை, கண்ணாடியும் போட மாட்டேன் என்கிறார், அதனால் வீட்டுக்குள் பயமில்லை. ஆனால் அந்த ஆட்டுக்காரி வருஷா வருஷம் தெரிந்தவர்கள் யாராவது வரும்போது அவர்களிடம், சொந்தக்காரி என்று எனக்குப் புளி கொடுத்து அனுப்புகிறாள், கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டி. இந்த வருஷத்துப் புளியில் பாதியை நாங்கள் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டோம்.